சொன்ன பேச்சைக் கேட்காத ஒஃபேலியா

‘பான்ஸ் லாபிரிந்த்’ படத்தை ஏழு வயதுப் பிள்ளைக்குப் போட்டுவிட்டு, பாதியில் பிள்ளை அலறியதும் அணைத்துவிட்டேன் என்று சொன்ன ஓர் அம்மாவை எனக்குத் தெரியும். அதே படத்தைத் தன் பதினைந்து வயது மகளோடு உட்கார்ந்து பார்த்துவிட்டு, “பாத்தியா, சொன்ன பேச்சைக் கேக்காம திராட்சையைத் தின்னதால என்ன ஆச்சுன்னு” என்று புத்தி சொன்ன ஓர் அப்பாவையும் தெரியும். இருவருமே பிள்ளைகள் மேல் உயிரையே வைத்திருப்பவர்கள். ஆனாலும் இருவர் மேலும் எனக்குக் கோபம் இருக்கிறது. அம்மா, படத்தைப் பார்க்காமலே காட்டினார். அப்பா, பார்த்தும் பார்க்கவில்லை. இரண்டாவதுதான் பெரிய தவறு. நம்மில் பெரும்பாலோர் அந்த அப்பாவின் பக்கம்தான் நிற்கிறோம் என்பதால் இதை எழுதுகிறேன்.

முதல் தவறைச் சீக்கிரம் பேசி முடித்துவிடலாம். மெக்சிகோ இயக்குநர் கில்லெர்மோ டெல் டோரோ 2006-இல் ஸ்பானிய மொழியில் எடுத்த படம் இது. கதையில் இளவரசி உண்டு, குட்டித் தேவதைகள் உண்டு, பூமிக்கு அடியில் ஒரு ராஜ்ஜியம் உண்டு. இவ்வளவு போதும், ‘குழந்தைகள் படம்’ என்று முடிவு கட்டிவிடுகிறோம். அமெரிக்காவில் இதற்குத் தரப்பட்டது ‘ஆர்’ சான்று. பதினேழு வயது ஆகாதவர்கள் பெரியவர் துணையில்லாமல் பார்க்க முடியாது. பிரிட்டனில் 15 வயது ஆனவர்களுக்குத்தான் அனுமதி. அதற்குக் காரணம் பூதங்கள் இல்லை. படம் தொடங்கிக் கொஞ்ச நேரத்திலேயே, முயல் பிடிக்கப் போனோம் என்று சொல்லும் ஓர் இளைஞனின் முகத்தை ஒரு ராணுவ கேப்டன் பாட்டிலால் இடித்து இடித்துச் சிதைக்கிறான். கதறும் தகப்பனைச் சுடுகிறான். பிறகு அவர்கள் பையைத் துழாவுகிறான். உள்ளே முயல் இருக்கிறது. அவர்கள் சொன்னது உண்மை. கேப்டன் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. என்னைத் தொந்தரவு செய்வதற்கு முன்னால் ஆட்களை ஒழுங்காகச் சோதனை போடப் பழகுங்கள் என்று சிப்பாய்களைக் கடிந்துகொண்டு போகிறான். ஏழு வயதில் இதைப் பார்க்க வேண்டிய தேவை எந்தப் பிள்ளைக்கும் இல்லை. சேலை எடுக்கும்போது சாயம் போகுமா என்று நாலு தடவை கேட்கிற நாம், பிள்ளையின் கண்ணுக்குள் போவதைப் பற்றி ஒரு தடவையாவது விசாரிக்க வேண்டாமா?

அதற்காக, இருட்டான கதையே பிள்ளைகளுக்கு ஆகாது என்று சொல்பவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. ஏழு பிள்ளைகளைக் கிணற்றில் போட்ட நல்லதங்காள் கதையைக் கேட்டு அழுத வீடுகளிலிருந்து வந்தவர்கள் நாம். ஜெர்மனியில் கிரிம் சகோதரர்கள் 1812-இல் வெளியிட்ட முதல் பதிப்பில், ஸ்னோ ஒயிட்டைக் கொல்லச் சொல்பவள் அவளைப் பெற்ற தாய். ஹான்சலையும் கிரெட்டலையும் காட்டில் விட்டுவரச் சொல்பவளும் பெற்றவள்தான். பிந்தைய பதிப்புகளில் இரண்டு இடத்திலும் அவளை மாற்றாந்தாய் ஆக்கிவிட்டார்கள். கதையில் கொடுமை குறையவில்லை. பெற்றவளின் பெயர் மட்டும் காப்பாற்றப்பட்டது. கதைகளை நாம் ‘பிள்ளைகளுக்காக’ திருத்தும்போதெல்லாம் பெரும்பாலும் நம்மைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் திருத்துகிறோம். அந்த அப்பா திராட்சைக் காட்சிக்குச் சொன்ன விளக்கமும் அந்த ரகம்தான்.

கதை நடப்பது 1944-இல், ஸ்பெயினில். உள்நாட்டுப் போர் 1939-இலேயே முடிந்து பிராங்கோவின் சர்வாதிகாரம் வேரூன்றிவிட்டது. ஆனாலும் மலைக்காடுகளில் சிலர் துப்பாக்கியைக் கீழே வைக்காமல் ஒளிந்திருக்கிறார்கள். அவர்களை வேட்டையாட ஒரு பழைய ஆலையில் முகாம் போட்டிருப்பவன்தான் அந்த கேப்டன் விதால். அவனுடைய புது மனைவி கார்மென், நிறைமாதக் கர்ப்பிணி. அவள் முதல் கணவர் ஒரு தையல்காரர், இறந்துவிட்டார். அவருக்குப் பிறந்த மகள் ஒஃபேலியாவுக்குப் பத்துப் பதினொரு வயது இருக்கும். கதைப் புத்தகங்களை மார்போடு அணைத்தபடி காரில் வந்து இறங்குகிறாள். ஆலைக்குப் பின்னால் கல்லால் கட்டிய பழைய சுற்றுவழிப்பாதை ஒன்று இருக்கிறது. அதன் நடுவில், ஆட்டுக்கொம்பும் ஆட்டுக்காலும் கொண்ட ஃபான் என்ற கிழட்டு உருவம் அவளுக்காகக் காத்திருக்கிறது. நீ பாதாள ராஜ்ஜியத்தின் இளவரசி, பௌர்ணமிக்குள் மூன்று சோதனைகளை முடித்தால் உன் தகப்பனிடம் திரும்பலாம் என்கிறது.

இப்போது அந்தத் திராட்சைக்கு வருகிறேன்.

இரண்டாவது சோதனை அது. சாக்கட்டியால் சுவரில் கதவு வரைந்து, அதைத் திறந்து உள்ளே போக வேண்டும். மணற்கடிகாரம் காலியாவதற்குள் திரும்பிவிட வேண்டும். அங்கே பெரிய விருந்து பரப்பியிருக்கும், அதில் ஒரு பருக்கைகூடத் தொடக் கூடாது என்று ஃபான் எச்சரிக்கிறது. ஒஃபேலியா போகிறாள். நீண்ட மேசை. சிவந்த பழங்களும் இறைச்சியும் இனிப்புகளும் குவிந்திருக்கின்றன. தலைமாட்டில், தோல் தொங்கும் வெளிறிய உருவம் ஒன்று அசையாமல் உட்கார்ந்திருக்கிறது. முகத்தில் கண் இல்லை. கண்கள் எதிரே தட்டில் கிடக்கின்றன. கூரையில் அது குழந்தைகளைத் தின்னும் ஓவியங்கள். மூலையில் சின்னச் சின்னக் காலணிகள் மலையாகக் குவிந்திருக்கின்றன. அந்தக் குவியலைப் பார்க்கும் யாருக்கும் அதே 1944-இல் நாஜி வதைமுகாம்களில் குவிந்துகிடந்த காலணிகள் நினைவுக்கு வராமல் இருக்காது. அவள் இரண்டு திராட்சையை வாயில் போடுகிறாள். உருவம் எழுகிறது. கண்களை எடுத்து உள்ளங்கையில் பொருத்திக்கொண்டு, கைகளை முகத்தருகே விரித்துப் பார்க்கிறது. அவளுக்குத் துணைவந்த மூன்று தேவதைகளில் இரண்டின் தலையைக் கடித்தெடுக்கிறது. மாட்ரிட் பிராடோ அருங்காட்சியகத்தில் இருக்கும் கோயாவின் ஓவியத்தில், சனிதேவன் தன் பிள்ளையைத் தின்பது இதே நிலையில்தான்.

“சொன்ன பேச்சைக் கேட்கவில்லை, தண்டனை கிடைத்தது.” இவ்வளவுதானா இந்தக் காட்சி? பாதாளத்தில் எதையும் தின்னக் கூடாது என்பது பழைய கதைகளின் விதி. கிரேக்கப் புராணத்தில் மாதுளை முத்தைத் தின்ற பெர்செஃபனி அங்கேயே சிக்கிக்கொண்டாள். ஆனால் டெல் டோரோ இந்த விதியை எங்கே கொண்டுவந்து வைத்திருக்கிறார் என்று பாருங்கள். முதல் சோதனையில் ஒஃபேலியா செத்துக்கொண்டிருக்கும் அத்திமரத்தின் வேருக்குள் தவழ்ந்து, அதை உறிஞ்சிக்கொண்டிருக்கும் தேரையிடமிருந்து சாவியை எடுத்துவருகிறாள். திரும்பும்போது உடம்பெல்லாம் சேறு. புதுப் பச்சை கவுன் பாழ். அன்று இரவு அம்மா அவளைச் சாப்பாடு இல்லாமல் படுக்க அனுப்புகிறாள். அந்தப் பிள்ளைதான் பின்னால் விருந்து மேசை முன் நிற்கிறது. பிள்ளையைப் பட்டினி போட்டுவிட்டு, அது கை நீட்டியதும் ‘ஆசைக்கு அடிமை’ என்று பழி சொல்ல நமக்கு எப்படி மனம் வருகிறது?

இன்னொன்றையும் அந்த அப்பா கவனிக்கவில்லை. அதே அறையில், எந்தப் பூட்டைத் திறக்க வேண்டும் என்று தேவதைகள் ஒன்றைக் காட்டுகின்றன. ஒஃபேலியா கேட்கவில்லை. தன் மனதுக்குப் பட்ட வேறொரு கதவில் சாவியைப் போடுகிறாள். அதுதான் சரியான கதவு. ஆக அந்த ஒரே காட்சிக்குள் அவள் இரண்டு முறை சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. ஒன்று தப்பாகப் போனது, ஒன்று சரியாக வந்தது. கீழ்ப்படிதல் நல்லது, மீறுதல் கெட்டது என்ற வாய்ப்பாடு அங்கேயே உடைந்துவிடுகிறது. எப்போது கேட்க வேண்டும், எப்போது மறுக்க வேண்டும் என்று ஒரு பிள்ளை தட்டுத் தடுமாறிக் கற்றுக்கொள்வதைத்தான் நாம் பார்க்கிறோம்.

அந்த மேசையை ஏற்கெனவே ஒரு முறை பார்த்திருப்போம். கேப்டன் விருந்து கொடுக்கும் காட்சி. அங்கும் நீண்ட மேசை, தலைமாட்டில் அவன், முதுகுக்குப் பின்னால் கணப்பு நெருப்பு. வெளிறிய உருவத்தின் அறையிலும் அதே அமைப்பு, அதே நெருப்பு. ஊரில் பஞ்சம், ரேஷன். இங்கே மேயரும் பாதிரியாரும் தட்டை நிறைத்துக்கொள்கிறார்கள். இனி ஒரு குடும்பத்துக்கு ஒரு ரேஷன் அட்டைதான் என்று கேப்டன் அறிவிக்கிறான். காட்டில் இருப்பவர்களின் ஆன்மாவைக் கடவுள் ஏற்கெனவே காப்பாற்றிவிட்டார், உடம்புக்கு என்ன ஆனால் என்ன என்கிற பொருளில் பாதிரியார் பேசியபடியே பரிமாறிக்கொள்கிறார். கண்ணைக் கழற்றித் தட்டில் வைத்துவிட்டு உட்கார்ந்திருப்பது அந்தப் பூதம் மட்டுமா? பூதத்தைக் கண்டு பிள்ளை பயந்தால் அணைத்துக்கொள்கிறோம். இந்த மேசையைக் கண்டு நாம் பயந்தோமா?

கேப்டனைப் பற்றி அதிகம் எழுதப் போவதில்லை. அவனைப் புரிந்துகொள்ள ஒரு கடிகாரம் போதும். சங்கிலி கோத்த பாக்கெட் கடிகாரம். மொராக்கோ போரில் செத்த அவன் தகப்பன், தான் செத்த மணித்துளி மகனுக்குத் தெரிய வேண்டும் என்று அதைத் தரையில் அடித்து உடைத்தானாம். விருந்தில் ஒருவர் இதைச் சொல்லும்போது, அப்படி ஒரு கடிகாரமே இல்லை என்று கேப்டன் மறுக்கிறான். ஆனால் தனியறையில் கீறல் விழுந்த கண்ணாடியோடு அதைத் துடைத்துத் துடைத்து ஓட வைத்துக்கொண்டிருக்கிறான். கண்ணாடிமுன் சவரம் செய்யும்போது தன் பிம்பத்தின் கழுத்தில் கத்தியால் கோடு இழுக்கிறான். தகப்பன் சுமத்திவிட்டுப் போனதை இறக்கிவைக்கத் தெரியாத மகன் அவன். மகன்தான் பிறப்பான் என்று எப்படித் தெரியும் என்று டாக்டர் கேட்டால், அவனுக்கு அந்தக் கேள்வியே பிடிப்பதில்லை. சிக்கல் வந்தால் தாயை விட்டுவிட்டுப் பிள்ளையைக் காப்பாற்று என்கிறான். நம் ஊரில் எத்தனை ஆஸ்பத்திரி வராந்தாக்களில் இந்தக் குரல் கேட்டிருக்கிறது என்பதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

நிற்க. கேப்டனைப் பார்த்தால் நமக்கு நிம்மதியாகிவிடுகிறது. நாம் அப்படி இல்லை என்று தோன்றிவிடுகிறது. அதனால்தான் சொல்கிறேன், அவனை விடுங்கள். கார்மெனைப் பாருங்கள். இந்தப் படத்தில் பெற்றோருக்கான இடம் அவளுடையது.

கார்மென் கெட்டவள் இல்லை. மகளை நேசிக்கிறாள். அவள் செய்வதெல்லாம் நாம் தினமும் செய்வதுதான். காரில் வரும்போதே, கேப்டனை ‘அப்பா’ என்று கூப்பிடு, ஒரு வார்த்தைதானே என்கிறாள். ஒஃபேலியாவுக்கு அது ஒரு வார்த்தை இல்லை. அவள் அப்பா தையல்காரர், செத்துப்போனார், அந்த இடம் இன்னும் அவருடையது. இரவு படுக்கையில், நீ ஏன் கல்யாணம் செய்துகொண்டாய் என்று மகள் கேட்கிறாள். ரொம்ப நாள் தனியாக இருந்துவிட்டேன் என்கிறாள் தாய். நான் உன்னோடு இருந்தேனே, நீ எப்போது தனியாக இருந்தாய் என்று கேட்கிறாள் அந்தப் பிள்ளை. அதற்குக் கார்மென் சொல்லும் பதில், பெரியவளானால் உனக்குப் புரியும் என்பது. இந்த ஒரு வாக்கியத்தை நாம் எத்தனை முறை சொல்லியிருக்கிறோம்! பதில் தெரியாதபோது சொல்வோம். பதில் தெரிந்து, அதைச் சொல்ல வெட்கப்படும்போதும் சொல்வோம்.

அதே கார்மெனை விருந்து மேசையில் பாருங்கள். விருந்தாளிகள் கேட்டதால், கேப்டனைச் சந்தித்த கதையை ஆசையாகச் சொல்லத் தொடங்குகிறாள். என் மனைவிக்கு உலகம் தெரியாது, இந்த அசட்டுக் கதையெல்லாம் மற்றவர்களுக்கு ருசிக்கும் என்று நினைக்கிறாள் என்பதுபோல் அவன் வெட்டிவிடுகிறான். அவள் வாயடைத்துத் தலைகுனிகிறாள். அவனிடம் வாங்கிய அதே வெட்டைத்தான் மகளுக்கும் கொடுக்கிறாள். கதைப் புத்தகம் படிக்கிற வயது தாண்டிவிட்டது, உலகம் அப்படி இல்லை, போகப் போகத் தெரியும் என்று.

படத்தில் எனக்கு மிகவும் கனமாக இருந்த காட்சி வெளிறிய பூதமும் இல்லை, சித்திரவதையும் இல்லை. கட்டிலுக்கு அடியில் இருக்கும் அந்தப் பால் கிண்ணம். கார்மெனுக்கு ரத்தப்போக்கு. ஃபான் ஒரு வேரைக் கொடுத்து, இதைப் புதுப் பாலில் போட்டு அம்மாவின் கட்டிலுக்கு அடியில் வை, காலையில் இரண்டு சொட்டு உன் ரத்தம் விடு என்கிறது. குழந்தை உருவத்தில் இருக்கும் மாண்ட்ரேக் வேர். ஒஃபேலியா சொன்னபடி செய்கிறாள். தாய்க்குக் காய்ச்சல் இறங்குகிறது. டாக்டருக்கே காரணம் விளங்கவில்லை. ஒருநாள் கேப்டன் அதைக் கண்டுபிடித்துவிடுகிறான். நான் பார்த்துக்கொள்கிறேன் என்று கார்மென் குறுக்கே வருகிறாள். வந்தவள் மகளிடம் ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். இதை ஏன் வைத்தாய் என்று. கேட்கவில்லை. மாயமும் இல்லை, மந்திரமும் இல்லை, எனக்கும் இல்லை உனக்கும் இல்லை என்று கத்திவிட்டு வேரைக் கணப்பில் எறிகிறாள். வேர் நெருப்பில் குழந்தைபோல் வீறிடுகிறது. அந்தக் கணமே அவளுக்கு வலி எடுக்கிறது. மகன் பிறக்கிறான், அவள் பிழைக்கவில்லை.

வேருக்குச் சக்தி இருந்ததா இல்லையா என்பதல்ல என் விசாரம். தன் ரத்தத்தைக் கொடுத்துத் தாயைக் காப்பாற்ற ஒரு பிள்ளை அல்லாடியிருக்கிறது. அதைத் தாய் தெரிந்துகொள்ளவே இல்லை. நம் வீட்டுப் பிள்ளைகள் கட்டிலுக்கு அடியிலும் பென்சில் டப்பாவுக்குள்ளும் நோட்டின் கடைசிப் பக்கத்திலும் எதையெல்லாம் வைத்திருக்கின்றன? நாற்றமடிக்கிறது, குப்பை, அசிங்கம் என்று வாரிப் போடுவதற்கு முன் யாராவது கேட்டிருக்கிறோமா?

கதையின் மறுபக்கத்தில், அந்தப் பிள்ளையின் பேச்சைக் காது கொடுத்துக் கேட்கும் ஒரே பெரியவள் வீட்டு வேலைகளைக் கவனிக்கும் மெர்செடெஸ். தேவதைகளை நம்புகிறாயா என்று ஒஃபேலியா கேட்டால், சின்ன வயதில் நம்பினேன், இப்போது நம்பும் நிலையில் இல்லை என்று உண்மையைச் சொல்கிறாள். ஃபானிடம் கவனமாக இருக்க வேண்டும் என்று தான் கேட்டிருந்ததையும் சொல்கிறாள். கேலி இல்லை. மெர்செடெஸின் தம்பி காட்டில் இருக்கிறான்; அவள் ரகசியமாக உணவும் மருந்தும் அனுப்புகிறாள். ஒஃபேலியா அதைக் கண்டுபிடித்தும் யாரிடமும் மூச்சு விடுவதில்லை. கேட்கப்பட்ட பிள்ளை நம்பிக்கையைக் காப்பாற்றுகிறது. மெர்செடெஸின் இடுப்பு ஏப்ரன் மடிப்பில் காய் நறுக்கும் சின்னக் கத்தி ஒன்று எப்போதும் இருக்கும். தேரை வயிற்றிலிருந்து ஒஃபேலியா சாவி எடுக்கும்போது, கிடங்குச் சாவி மெர்செடெஸிடம் இருக்கிறது; ஒஃபேலியா பூதத்தின் அறையிலிருந்து கத்தி எடுத்துவரும்போது, மெர்செடெஸின் கத்தி கேப்டனின் வாயைக் கிழிக்கக் காத்திருக்கிறது. பிடிபட்ட பிறகு, நீங்கள் என்னை ஓர் ஆளாகவே பார்க்கவில்லை, அதனால்தான் உங்கள் மூக்குக்குக் கீழேயே இதைச் செய்ய முடிந்தது என்பதுபோல் அவனிடம் சொல்கிறாள். டெல் டோரோ இரண்டு உலகத்தையும் இப்படிச் சாவிக்குச் சாவி, கத்திக்குக் கத்தி கோத்திருக்கிறார். நிறத்திலும் அப்படித்தான்: கேப்டனின் உலகம் நீலமும் சாம்பலும் நேர்க்கோடுகளும், பாதாளம் பொன்னும் சிவப்பும் வளைவுகளும். அத்திமரத்தின் வாசலும் இரு பக்கம் வளைந்த கிளைகளும் கருப்பையைப்போலவே வரைந்தவை. ஒளிப்பதிவுக்கும் கலை இயக்கத்துக்கும் ஒப்பனைக்கும் 2007-இல் மூன்று ஆஸ்கர் கிடைத்தது சும்மா இல்லை.

டாக்டர் ஃபெரெய்ரோவையும் சொல்லியாக வேண்டும். பிடிபட்ட திக்குவாய்ப் போராளி ஒருவனிடம், திக்காமல் மூன்று வரை எண்ணு, விட்டுவிடுகிறேன் என்கிறான் கேப்டன். அவனால் மூன்றைத் திக்காமல் சொல்ல முடியவில்லை. சித்திரவதையில் உருக்குலைந்த அவன் கெஞ்சியதற்கு இணங்கி, டாக்டர் ஊசி போட்டு அவன் வலியை முடித்துவைக்கிறார். ஏன் என் சொல்லைக் கேட்கவில்லை என்று கேப்டன் கேட்கிறான். நிஜமாகவே புரியாமல்தான் கேட்கிறான். கேள்வி கேட்காமல் கீழ்ப்படிவது உங்களைப் போன்றவர்களால் மட்டுமே முடிகிற காரியம் என்று சொல்லிவிட்டு டாக்டர் நிதானமாக வெளியே நடக்கிறார். முதுகில் குண்டு பாய்கிறது.

படத்தின் முதுகெலும்பு இதுதான். இதை மனதில் வைத்துக்கொண்டு மூன்றாவது சோதனைக்கு வாருங்கள். திராட்சை தின்றதற்காக ஒஃபேலியாவைக் கைவிட்ட ஃபான், கடைசியில் இன்னொரு வாய்ப்புத் தருகிறது. ஒரே நிபந்தனை: நான் சொல்வதைக் கேள்வி கேட்காமல் செய்ய வேண்டும். அவள் சரி என்கிறாள். பிறந்த தம்பியைத் தூக்கிக்கொண்டு சுற்றுவழிப்பாதையின் நடுவுக்கு வருகிறாள். ஃபான் கத்தியோடு நிற்கிறது. குழந்தையைக் கொடு, களங்கமில்லாத ரத்தம் ஒரு சொட்டு போதும், வாசல் திறந்துவிடும் என்கிறது. இந்த ஃபானாக நடித்தவரும் வெளிறிய பூதமாக நடித்தவரும் ஒருவரே, டக் ஜோன்ஸ். கேப்டன் கேட்டதையும் பூதம் தின்றதையும் இப்போது அவளுக்கு வழிகாட்டியே கேட்கிறது. இளவரசிப் பட்டமும் தகப்பனின் வீடும் ஒரு பக்கம், பேசத் தெரியாத ஒரு குழந்தை மறுபக்கம். ஒஃபேலியா, மாட்டேன் என்கிறாள். வாக்குக் கொடுத்திருந்தும் மாட்டேன் என்கிறாள். பின்னால் வந்த கேப்டன் குழந்தையைப் பிடுங்கிக்கொண்டு அவளைச் சுடுகிறான். அவளுடைய ரத்தம்தான் கல்லில் சொட்டுகிறது, வாசல் திறக்கிறது. பொன்னிற மண்டபத்தில் தகப்பன் அவளிடம் பேசுவது, மறுத்ததுதான் உண்மையான சோதனை, அதில் நீ வென்றாய் என்கிற பொருளில்தான்.

ஆகவே, “சொன்ன பேச்சைக் கேக்காததால இப்படி ஆச்சு” என்று இந்தப் படத்தை ஒரு பிள்ளைக்கு விளக்குவது, படத்தைத் தலைகீழாகப் பிடித்துக் காட்டுவது. அது தெரியாமல் நடந்த பிழையாக இருந்தால் விட்டுவிடலாம். ஆனால் அது நம் பழக்கத்திலிருந்து வருகிறது. ‘எங்க பையன் சொன்ன பேச்சைத் தட்டவே மாட்டான்’ என்பதை நாம் பெருமையாகச் சொல்கிறோம். ‘பெரியவங்க சொன்னா கேட்டுக்கணும்’ என்று நடக்கப் பழகும்போதே சொல்லித் தருகிறோம். வீட்டுக்கு வந்தவர் மடியில் உட்கார மறுக்கும் குழந்தையை, மாமா கோவிச்சுக்குவார், போ, ஒரு முத்தம் குடு என்று தள்ளி அனுப்புகிறோம். பிறகு பள்ளியில் ‘குட் டச், பேட் டச்’ வகுப்பு நடத்தி, யாராவது தப்பாகத் தொட்டால் ‘மாட்டேன்’ என்று கத்தச் சொல்கிறோம். வீட்டில் ஒருநாளும் சொல்ல விடாத சொல்லை, வாழ்க்கையின் மிக மோசமான நிமிடத்தில் மட்டும் அந்தப் பிள்ளை எங்கிருந்து எடுக்கும்? பிள்ளைகள் மறுக்கப் பழகுவது நம்மிடம்தான் தொடங்க வேண்டும். நம்மிடம் மறுத்தால் அடி விழாது, காரணம் கேட்கப்படும் என்று தெரிந்த பிள்ளைக்குத்தான் வெளியே மறுக்க வாய் வரும்.

இன்னொரு வேண்டுகோள். படம் முடிந்ததும், அதெல்லாம் அவள் கற்பனைதான் என்று தீர்ப்பு எழுதிவிடாதீர்கள். கேப்டன் கண்ணுக்கு ஃபான் தெரிவதில்லை என்பது உண்மை. பூட்டிய அறையிலிருந்து சாக்கட்டிக் கதவு வழியாக அவள் வெளியேறுவதும் அதே படத்தில்தான் இருக்கிறது. அந்த உலகம் தன்னைப் பொறுத்தவரை நிஜம் என்று டெல் டோரோ பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். பிள்ளைகள் இரண்டு பக்கமும் வாதாடட்டும். சாட்சியாக எந்தக் காட்சியைக் காட்டுகிறார்கள் என்று கேளுங்கள். ‘அப்படியெல்லாம் ஒண்ணும் கிடையாது’ என்று மூடுவது கார்மென் செய்த வேலை.

பதினைந்து, பதினாறு வயதுப் பிள்ளை வீட்டில் இருந்தால் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். பாட்டில் காட்சி வருவதை முன்கூட்டியே சொல்லுங்கள். பார்க்க விருப்பமில்லை என்றால் விட்டுவிடுங்கள். அதைவிடச் சின்னப் பிள்ளைகளுக்கு இந்தப் படம் வேண்டாம். பத்துப் பன்னிரண்டு வயதுக்கு, டெல் டோரோவே 2022-இல் எடுத்த ‘பினோக்கியோ’ பொம்மைப்படம் இருக்கிறது. முசோலினியின் இத்தாலியில் நடக்கிற கதை. அங்கும் சொன்ன பேச்சைக் கேட்காத ஒரு மரப்பிள்ளைதான் நாயகன். அதிலும் சாவு உண்டு, போர் உண்டு. அதையும் நீங்கள் முதலில் பார்த்துவிட்டுக் காட்டுங்கள்.

‘பான்ஸ் லாபிரிந்த்’ இரண்டு மணி நேரப் படம். ஒருநாள் இரவு பிள்ளைகள் தூங்கியபின் பெற்றோர் இருவரும் தனியாக உட்கார்ந்து பாருங்கள். பார்க்கும்போது கேப்டன் மேல் கோபப்படுவதை நிறுத்திவிட்டு, கார்மென் வாய் திறக்கும் ஒவ்வொரு இடத்திலும் அது யார் குரல் என்று கேட்டுப் பாருங்கள். உங்கள் பிள்ளையோடு இந்தப் படத்தைப் பேசும் தகுதி அதற்குப் பிறகுதான் நமக்கு வரும்.